கொண்டை ஊசிப் பொட்டு

வாய் நிறையச் சேலைப் பின்களைக் கடித்துக்கொண்டே ஜெஸீமா பேசுவார். "நேரா நில்லுங்க மகள். மூச்ச உள்ளுக்கு இழுக்க வேணாம், பொறகு மேசையில என்னத்த சாப்பிடுற?" என்று பல்லிடுக்கால் வரும் அந்தக் குரல், கண்டியில் கலியாணம் செய்த பாதிப் பெண்களுக்குத் தெரியும். இப்போது அந்தப் பேச்சுக்கு முன்னால் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. யார் வந்து கண்ணாடி முன் உட்கார்ந்தாலும் சரி, பின்களையெல்லாம் வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்: "ஊட்டுக்காரர் நல்லா ஈக்காரா?"

கணவர் சுகமா என்று கலியாணமே ஆகாதவர்களிடமும் கேட்டுவிடுகிறார். போன கிழமை பட்டமளிப்பு விழாவுக்கு உடுத்துவதற்காகத் தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், "இன்னும் தேடுறாங்க ஆன்டி" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஜெஸீமா சிரிக்கவில்லை. "கேட்டு வச்சா நல்லம்" என்று முணுமுணுத்தபடி பின்களைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்.

இதே மனுசி யாரையும் எதுவும் கேட்காதவர் என்று பெயர் எடுத்தவர். அதனால்தான் எழுதுகிறேன்.

மடவளையிலிருந்து பஸ்ஸில் வருவார். திருகோணமலை வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற சஞ்சீவின் படப்பிடிப்பு நிலையத்தில்தான் அவருடைய கண்ணாடி, மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு அலுமாரி எல்லாம் இருக்கின்றன. சிங்கள மணப்பெண்ணுக்கு ஒசரி என்கிற கண்டியச் சேலை, தமிழ்ப் பெண்ணுக்குக் கூறைப்பட்டு, தன் சொந்தச் சாதிசனத்துக்கு முக்காட்டோடு கல்யாணச் சாரி, எல்லாவற்றையும் உடுத்திவிடுவது இந்தக் கறுப்பு அபாயா போட்ட பெண்மணிதான். மிஞ்சும் பின்களைத் தன் தோளிலேயே குத்திக்கொள்வார். மறந்துபோய் அப்படியே பஸ் ஏறிவிடுவார். பக்கத்துச் சீற்றில் தூங்கி விழுகிறவர்கள் இரண்டு தரம் விழமாட்டார்கள்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரே வசனத்தில் அடங்கும்: "பாத்தா வெளங்காதா?" பொண்ணுக்கு மாமியாரைப் பிடிக்கவில்லை என்பது அவருக்கு விளங்கும். மாலை இரவல் வாங்கியதா சொந்தமா என்பதும் விளங்கும். ஒருமுறை ஒரு மணமகளின் இடுப்பில் கை வைத்தவர், ஒன்றும் பேசாமல் இடுப்புக் கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்தி, முன்பக்கம் ஒரு மடிப்பைக் கூட்டிவிட்டார். பெற்ற தாய்க்கே அந்தச் சேதி இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "கேட்டிருந்தா புள்ள அழுதீக்கும். எதுக்கு கேக்கணும்?"

கேட்பது அவருக்குப் பிடிக்காது. கணவர் முஹைதீன் லொறி ஓட்டியவர், மகியங்கனைப் பாதையில் விபத்தில் போய்ச் சேர்ந்தார். ஜெஸீமாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வெள்ளை உடுத்தி, வெளியே போகாமல் துக்கம் காக்கும் இத்தா இருந்த அந்த நாட்களில் வந்தவர் போனவரெல்லாம் எப்படி மௌத்தானார், எத்தனை மணிக்கு மௌத்தானார், கடைசியில் என்ன பேசினார் என்று கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். "அவர் ஒரு தரம்தான் மௌத்தானார். கேட்டுக் கேட்டே என்னைய அவங்க எத்தனையோ தரம் மௌத்தாக்கினாங்க" என்பார்.

இன்னொரு வினோதமும் உண்டு. தமிழ் மணப்பெண்ணுக்குத் தலையிலிருந்து கால்வரை எல்லாம் அவர் கையாலேயே நடக்கும், நெற்றிப்பொட்டு மட்டும் கையால் நடக்காது. கொண்டை ஊசியின் வளைந்த முனையைக் குங்குமத்தில் தொட்டு, அச்சுக் குத்துவதுபோல் வட்டமாக வைப்பார். என் கலியாணத்துக்கும் அப்படித்தான் வைத்தார். "அவங்க சமயத்துக்குக் கூடாதாக்கும்" என்று என் அம்மா என் காதில் சொன்னார். ஜெஸீமா அதைக் கேட்டும் கேட்காதவர் மாதிரி ஊசியைத் துடைத்தார். கண்டியில் எல்லோருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இனி சஞ்சீவ். நல்ல பையன். மருந்துக்கடைக்காரரின் மகன், கொழும்பிலும் வெளியூரிலும் படம் பிடிக்கப் படித்துவிட்டு வந்தவன். ஊர்ப்பட்ட கலியாணங்களைப் பிடித்துச் சலித்துப் போனானோ என்னவோ, கண்டியைச் சுற்றியுள்ள சனங்களின் உடைகளைப் புதிதாகத் தைத்து, அவற்றை உடுத்திய ஆட்களைப் பெரிய பெரிய படங்களாகப் பிடித்துக் கண்காட்சி வைக்கப்போவதாகக் கிளம்பினான். வெட்டும் தையலும் அந்தந்த ஊர்ப்படியே இருக்கும். நிறம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்று, சாயம் போடாத வெள்ளைத் தறித்துணி. நகை இல்லை, பூச்சு இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே ஒரு சொல் இருக்கும்: நேர்மை, அன்பு, நன்றி. உடை வேறானாலும் உள்ளே மனிசன் ஒன்றுதான் என்பது அவனுடைய கருத்து. கருத்தில் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளை என்றால் சமாதானம் என்று எங்கோ படித்திருக்கிறான், பாவம்.

ஜெஸீமா அன்றைக்கே சொல்லியிருக்கிறார். "தமிழ்ப் பொம்புளைக்கு வெள்ளை சரிவராது தம்பி. புருசன் இல்லாதவங்களுக்குத்தான் அது." சஞ்சீவ் தலையை ஆட்டி, "சரி அக்கா, பாத்து எடுப்போம்" என்றான். ஆட்டிய தலையோடு அதை மறந்தும் போனான். ஆனால் ஜெஸீமா அவன் மனதில் எடுத்துக்கொண்டான் என்றுதான் நம்பினார்.

மடுல்கெல்லைத் தோட்டத்திலிருந்து ரத்தினம்மாவை அனுப்பிவைத்தது சஞ்சீவோடு படித்த ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி வேண்டும், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் தலைத்துணியையும் வெள்ளையில் தைத்து வைத்திருக்கிறேன் என்று சஞ்சீவ் கேட்டிருந்தான். எல்லோருக்கும் போன அதே செய்தி ரத்தினம்மாவுக்கும் போயிருந்தது: நகை எதுவும் போடாமல் வாங்க.

ரத்தினம்மா கழுத்து வெறுமையாக வந்தார். கண்ணாடி முன் உட்கார்ந்தார். வெள்ளையைக் காட்டியபோது ஒரு கணம் பார்த்தார், பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நெற்றியில் இருந்தது ஒரு சின்னக் கறுப்பு ஒட்டுப்பொட்டு. இப்போதெல்லாம் கணவரை இழந்தவர்களும் அப்படி ஒன்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஜெஸீமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோடும் மாலையும் போடாதே என்றால் போடமாட்டார்கள், சரி. தாலியைக் கழற்றச் சொன்னால் எந்தத் தமிழச்சி கழற்றுவாள்? தான் சொன்னதைக் கேட்டுத்தான் சஞ்சீவ் தேடிப் பிடித்து ஒரு கைம்பெண்ணை வரவழைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். தன்னைப்போல் ஒருத்தி என்று நெஞ்சு இளகிப்போனது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரும் தமிழ்ப் பெண்களுக்கென்று வைத்திருந்த மல்லிகைச் சரத்தை ரத்தினம்மாவின் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் தள்ளினார். பிறகு, படத்தில் பூச்சு எதுவும் கூடாதே என்று, தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, அந்தக் கறுப்புப் பொட்டைச் சின்னவிரல் நகத்தால் மெதுவாக, நோகாமல் உரித்தெடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்தார்.

படம் பிடித்தாயிற்று. ரத்தினம்மா உடை மாற்றிக்கொண்டு, கண்ணாடி ஓரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வெறும் நெற்றியோடு பஸ் ஏறிப் போனார்.

வாவிக்கரையில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. "என்ட வேலையும் சுவர்ல தொங்குது, வந்து பாருங்க அனுஷியா" என்று ஜெஸீமா கூப்பிட்டதால் நான் மாநகர சபைக் கந்தோரில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். உள்ளதைச் சொல்லவேண்டும், படங்கள் அருமை. அதிலும் ஒரு படத்தின் முன்னால்தான் கூட்டம் நின்றது. வெள்ளைத் தலைத்துணி, அதற்குமேல் கூடைக்கயிறு, வெறும் நெற்றி, வெறும் கழுத்து, எதையோ விழுங்கிக்கொண்டு நிற்கும் இரண்டு கண்கள். கீழே ஒரு சொல்: பொறுமை. ஒரு ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார்.

ஜெஸீமா அந்தப் படத்துக்குப் பக்கத்தில், கலியாண வீட்டில் பெண்ணின் தாய் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் ரத்தினம்மா வாசலில் வந்தார். அரக்குப் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, அரை நெற்றிக்குக் குங்குமம், சட்டைக்கு வெளியே எடுத்து விட்ட தாலிக்கொடி. பின்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மெலிந்த மனிதர்.

ஜெஸீமாவின் முகம் சாம்பலாகப் போனது. யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

அந்த மனிதர் ரத்தினம்மாவின் கணவர் முத்துக்கருப்பன். தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து, எங்களுக்கும் கேட்கிற குரலில் மெதுவாகக் கேட்டார்:

"ஏ புள்ள, நா எப்ப செத்தேன்?"

கோபமில்லை. கேலி மாதிரிதான் கேட்டார். ரத்தினம்மா தாலியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார். முத்துக்கருப்பன் சஞ்சீவிடம் போய், படம் நல்லா இருக்குது சார் என்று மரியாதையாகச் சொன்னார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லி சஞ்சீவ் மன்றாடினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கே எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஜெஸீமா மண்டபத்தின் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்றுவிட்டார். அங்கே வைத்துத்தான் சஞ்சீவிடம் படத்தைக் கழற்றச் சொன்னார். அவன் பதறித்தான் போயிருந்தான், ஆனாலும் மனம் வரவில்லை. தன் வாழ்நாளில் பிடித்த படங்களிலேயே அதுதான் நல்ல படம் என்றான். வேண்டுமானால் போய் மன்னிப்புக் கேட்போம், பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதி ஒட்டுவோம் என்றான். "அந்த முகத்தப் பாருங்க அக்கா. அப்பிடி ஒரு பொறுமைய நான் எங்கயும் பாக்கல."

"அது பொறுமை இல்ல தம்பி" என்றார் ஜெஸீமா. "பொட்ட நான் உரிக்கிற நேரம் வந்த மொகம் அது. நீங்க படம் புடிக்கும் வரைக்கும் மாறாம ஈந்தீக்கி."

சஞ்சீவ் மண்டபத்துக்குள் திரும்பிப் போனான். தானே ஏணி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினான். இணையத்தில் போட்ட இடங்களிலெல்லாம் அழித்தான். ஆனால் அதற்குள் அது எத்தனையோ கைபேசிகளுக்குப் போய்விட்டது, பொறுமை என்ற சொல்லோடு.

அன்றிலிருந்து ஜெஸீமா "பாத்தா வெளங்காதா" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் வந்தது அப்போதுதான். முன்படியால் ஏறினால் மருந்துக்கடையில் நிற்பவர்கள் பார்ப்பார்களாம், பின்பக்கத்து இரும்புப் படியால் ஏறத் தொடங்கினார். கண்ணாடியை முழுக்கத் துடைப்பார், ஓரத்தில் அந்தக் கறுப்புப் பொட்டு இருக்கும் இடத்தை மட்டும் தொடமாட்டார். மடுல்கெல்லைக்குப் போய் வரலாமே என்று நான் சொன்னால், வாற கிழமை, பெருநாள் முடியட்டும், முழங்கால் நோகுது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் விடவில்லை. "மகாராணிக்கு இன்னும் நேரம் கூடிவரல்லியா?" என்று குத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் குத்து பட்டுவிட்டது. "என்ன மொகத்தோட போற அனுஷியா?" என்றவர் அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வாயை ஏன் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் போனோம். நான் கண்டியில் ஏறினேன், அவர் மடவளையில் ஏறினார். வத்தேகம தாண்டும் வரைக்கும் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறாராக்கும் என்று நினைத்தேன். ரத்தினம்மாவிடம் சொல்லவேண்டிய வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாராம்.

அந்த வசனத்தைச் சொல்லவே இல்லை. லயத்து வரிசை வீட்டு வாசலில் "வாங்கம்மா, உக்காருங்க" என்று ரத்தினம்மா கதிரையை இழுத்துப் போட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கதிரையின் விளிம்பில், எழுந்து ஓடப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். முத்துக்கருப்பன்தான் கலகலவென்று பேசினார். தோட்டத்தில் தனக்கு இப்போது செத்துப் பிழைத்தவன் என்று பட்டம் என்றார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நா நல்லாத்தான் இருக்கேன். இவதான் ராவுல எந்திரிச்சு எம் மூக்குல கைய வச்சு வச்சுப் பாக்குறா, மூச்சு வருதான்னு." சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஜெஸீமா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டு, "ஒரு சொல்லுச் சொல்லீக்கலாமே தங்கச்சி, வேணாமென்டு?" என்று கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது, கெஞ்சும் குரல்.

ரத்தினம்மா யோசித்தார். தாலியைக் கழற்றிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்ததாகவும், படிச்சவங்க சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பொட்ட நீங்க அம்புட்டு மெதுவா எடுத்தீங்கம்மா. எங்கம்மாகூட எந்தலைய அப்புடிப் புடிச்சதில்ல. அதான் வேணாம்னு சொல்ல வாய் வரல."

திட்டியிருந்தால் ஜெஸீமா தாங்கியிருப்பார். அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை. தேத்தண்ணிக் கோப்பை ஆறிப்போகும் மட்டும் கையிலேயே இருந்தது.

புறப்படும்போது ரத்தினம்மா வழக்கப்படி குங்குமச் சிமிழை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் தொட்டு வைத்துக்கொண்டேன். ஜெஸீமாவிடம் நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிமிழோடு நின்றார். ஜெஸீமா கைப்பைக்குள் கையை விட்டுக் கொண்டை ஊசியை எடுத்தார். அதைப் பார்த்தார். "தங்கச்சி, நான் எடுத்தத நான் வச்சிட்டுப் போறேனே" என்றார். ஊசியைக் குங்குமத்துக்குக் கொண்டு போனவர் அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

"என்னத்துக்கும்மா ஊசி?" என்று கேட்டார் ரத்தினம்மா.

ஜெஸீமா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். "நான் புருசன் மௌத்தானவ. ஒங்கட ஆக்கள்ள என்னப்போல உள்ளவ கைய நெத்தியில வைக்கக் கூடாதெல்லியா? எந்தப் புள்ளைட நெத்தியிலயும் என்ட கை படவாணாமென்டுதான் ஊசியால வைக்கிற. சமயமென்டு எல்லாரும் நெனச்சாங்க. நெனச்சிட்டுப் போகட்டுமென்டு விட்டேன்."

என் கலியாண நாளில் என் அம்மா சொன்னதும், அவர் ஊசியைத் துடைத்ததும் எனக்கு நினைவுக்கு வந்தன. நான் வாசலில் கிடந்த செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ரத்தினம்மா அவர் விரல்களுக்கிடையிலிருந்து அந்த ஊசியை எடுத்துச் சன்னல் கட்டையில் வைத்தார். "எங்க வீட்டுக்காரரையே ஊரெல்லாம் சாகடிச்சுப் பாத்துருச்சு. மனுசன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. ஒங்க கை என்ன பண்ணீரும்? வைங்க." சொல்லிவிட்டு நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார். கண்ணை மூடியிருந்தார். முத்துக்கருப்பன் வாசலில் அசையாமல் நின்றார்.

எத்தனையோ மணப்பெண்களுக்கு மயிரிழை பிசகாமல் வைத்தவர். மோதிர விரலால் தொட்டு வைத்த அந்தப் பொட்டு, ஒரு பக்கம் இழுபட்டுக் கோணலாக வந்தது. சரிசெய்யப் போன கையை ரத்தினம்மா பிடித்துக்கொண்டார், "இருக்கட்டும்மா" என்று.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெஸீமா என் பக்கத்தில் இருந்தார். சிவந்த விரலை மற்ற விரல்களிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கையை மடிமேல் மல்லாத்தி வைத்திருந்தார். துடைக்க நான் கைலேஞ்சியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மடவளை வந்தது. கைப்பையைத் தோளில் மாட்டி, டிக்கெட்டைப் பின்னைக் கடிப்பதுபோலப் பல்லில் கடித்து, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சனத்துக்குள் அந்த வலது கையை மட்டும் தலைக்குமேல் உயர்த்தி, யாருடைய உடுப்பிலும் விரல் படாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.